உப்பைக் குறைப்பது நோயாளிக்கு மட்டுமான பத்தியமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் மருத்துவக் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக ஒன்றுவிடாமல் படித்து வருகிறேன். நோயின் அறிகுறிகள், செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைகள், உட்கொள்ள வேண்டிய மருந்துகள் என அனைத்தும் விரிவாகச் சொல்லப்பட்ட பின்னர், கடைசிப் பத்தியில் ‘உணவில் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்’ என்று ஒற்றை வரி வரும். அந்த வரியும் ஏற்கெனவே நோய் வந்துவிட்டவரை நோக்கியே எழுதப்பட்டிருக்கும். உப்பைக் குறைக்க வேண்டியவர் நோயாளி ஒருவரே, மற்றவர்கள் நாக்குக்கு ஏற்றபடி சாப்பிடலாம் என்ற எண்ணம் இதனால் வாசகர் மனத்தில் உறுதிப்பட்டுவிடுகிறது. அந்த எண்ணம் தவறானது என்பதை மிகத் தாமதமாக உணர்ந்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் தந்தைக்கு 58 வயதில் பக்கவாதம் வந்தது. வலக்கையும் பேச்சும் ஒரே காலைப்பொழுதில் போயின. அதற்கு முந்தைய நாள் வரை தலைவலி என்றுகூட அவர் படுத்ததில்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேவை வந்ததில்லை என்பதையே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். மருத்துவமனையில் அளந்தபோது இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 200ஐ நெருங்கியிருந்தது. இது நேற்றோ சென்ற மாதமோ ஏறிய அழுத்தமாக இருக்க முடியாது, இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துப் போயிருப்பதைப் பார்த்தால் பத்து ஆண்டுகளாவது இப்படி இருந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார்.

வீடு திரும்பிய பின் தந்தைக்கென்று உப்புக் குறைத்த சமையல் தனிப் பாத்திரத்தில் தொடங்கியது. எங்களுக்கு வழக்கமான பாத்திரம். ‘நோய் அவருக்குத்தானே, பிள்ளைகள் ஏன் வாயைக் கட்ட வேண்டும்’ என்று அம்மா பாசத்தோடுதான் அப்படிச் செய்தார். அடுப்பின் மீது அந்த இரண்டு பாத்திரங்களும் 11 ஆண்டுகள் இருந்தன. தந்தை மறைந்த இரண்டாம் ஆண்டில், கண்ணாடி மாற்றுவதற்காகக் கண் மருத்துவரிடம் சென்ற இடத்தில் எனக்கும் அழுத்தத்தை அளந்தார்கள். 160க்கு 100. எனக்கு அப்போது 46 வயது. எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. உப்பு ஒன்றே இதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மரபுக்கும் உடல் எடைக்கும் வயதுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் தந்தையின் மரபை மாற்றும் வழி எங்களிடம் இருக்கவில்லை, இரண்டாவது பாத்திரத்தை எடுத்து வைத்துவிடும் வழி 11 ஆண்டுகளும் எங்கள் கையிலேயே இருந்தது.

உப்பு உடலுக்கு வேண்டாத பொருள் என்று யாரும் சொல்லவில்லை. நாம் உண்ணும் உப்பில் எடைக்கு எடை சுமார் 40 விழுக்காடு சோடியம், மீதி குளோரைடு. நரம்புகளில் செய்தி ஓடுவதற்கும் தசைகள் சுருங்குவதற்கும் உடலின் நீர் அளவு நிலையாக இருப்பதற்கும் சோடியம் இன்றியமையாதது. ஆனால் இதற்குத் தேவைப்படும் அளவு மிகச் சிறிது. நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் சோடியம், அதாவது ஒன்றேகால் கிராம் உப்பு இருந்தாலே போதும். பெரியவர்கள் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, உப்பு உட்கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உலக மக்கள் சராசரியாக உட்கொள்வதோ 10.8 கிராம் என்று அதே நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பரிந்துரையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். மிகுதியான சோடியத்தோடு தொடர்புடைய இறப்புகள் ஆண்டுக்கு 18.9 இலட்சம் என்பதும் அந்நிறுவனத்தின் மதிப்பீடே.

மிகுதியாக உள்ளே வரும் உப்பு உடலில் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அதைப் புரிந்துகொண்டால் ‘இப்போது எனக்கு ஒன்றுமில்லையே’ என்ற வாதம் தானாகவே வலுவிழந்துவிடும். இரத்தத்தில் சோடியத்தின் செறிவை உடல் மிகக் குறுகிய எல்லைக்குள் வைத்துக்கொள்கிறது. உப்பு மிகுந்தால் தாகம் எடுக்கிறது, குடித்த நீரை உடல் தேக்கி வைத்துக்கொள்கிறது, அதனால் குழாய்களில் ஓடும் நீர்மத்தின் கன அளவு கூடுகிறது. கூடிய உப்பை வெளியேற்றும் பொறுப்பு சிறுநீரகங்களுடையது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, அதில் பெரும்பகுதியை மீண்டும் இரத்தத்துக்கே அனுப்பும் அந்த உறுப்புகள் இளமையில் இந்த வேலையை ஓசையின்றிச் செய்து முடிக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல, அதே அளவு உப்பை வெளியே தள்ளுவதற்குச் சற்றுக் கூடுதலான அழுத்தம் தேவைப்படுகிறது. அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தமனிகள் இரவும் பகலும் தாங்குகின்றன. தாங்கித் தாங்கி அவற்றின் சுவர்கள் நெகிழ்வை இழந்து விறைக்கின்றன. விறைத்த குழாய்களுக்குள் இரத்தத்தை உந்த வேண்டிய இதயத்தின் தசை தடிக்கிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களும் இதே அழுத்தத்தில் பழுதடைகின்றன. உப்பு அழுத்தத்தை ஏற்ற, அழுத்தம் சிறுநீரகத்தைச் சிதைக்க, சிதைந்த சிறுநீரகம் மேலும் உப்பைத் தேக்க என்று ஒரு சுழற்சி தொடங்கிவிட்டால் அதிலிருந்து வெளிவருவது கடினம். இவ்வளவும் நடக்கும்போது வலி இல்லை, காய்ச்சல் இல்லை, மயக்கம் இல்லை. 30 முதல் 79 வயது வரையுள்ளோரில் 128 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகவும், அவர்களில் 46 விழுக்காட்டினருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் தெரிவித்ததன் பொருள் இதுதான். என் தந்தையும் அந்த 46 விழுக்காட்டில் ஒருவராகவே 58 வயது வரை வாழ்ந்தார்.

வயது ஏறினால் அழுத்தமும் ஏறத்தானே செய்யும் என்று பலர் கேட்பதுண்டு. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். 1988இல் வெளியான இன்டர்சால்ட் என்னும் ஆய்வு, 32 நாடுகளில் 52 இடங்களில் 10,000க்கும் மேற்பட்டோரின் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அதிலுள்ள சோடியத்தை அளந்தது. நாம் உண்ணும் சோடியத்தில் பெரும்பகுதி சிறுநீரில்தான் வெளியேறுகிறது என்பதால் இதுவே நம்பத்தக்க அளவீடு. அமேசான் காடுகளில் வாழும், உணவில் உப்புச் சேர்க்கும் வழக்கமே இல்லாத யானோமாமி மக்களிடம் உயர் இரத்த அழுத்தம் காணப்படவில்லை என்பதோடு, வயது ஏறியபோதும் அவர்களுடைய அழுத்தம் ஏறவில்லை என்பதையும் அந்த ஆய்வு பதிவு செய்தது. அவர்களுடைய வாழ்க்கையில் வேறுபாடுகள் பல உண்டு, உப்பின்மை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை என்று யாரேனும் கூறினால் அது நியாயமான கேள்வியே. அதற்கு விடை தருவதுபோல் அமைந்தது, டெரெக் டென்டன் என்ற ஆஸ்திரேலிய அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு. காபோன் நாட்டில் கூட்டமாக வளர்க்கப்பட்ட சிம்பன்சிகளில் ஒரு பகுதிக்கு மட்டும், மற்ற எதையும் மாற்றாமல், உணவில் உப்பைப் படிப்படியாக நாளொன்றுக்கு 15 கிராம் வரை கூட்டினார்கள். 20 மாதங்களில் அவற்றின் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 33 புள்ளி உயர்ந்தது. உப்பை நிறுத்தியதும் சில மாதங்களில் பழைய நிலைக்கு இறங்கியது.

ஆனால் என் கருத்துக்கு மிக நெருக்கமான சான்று மனிதரிடம் நடந்த வேறோர் ஆய்விலிருந்து கிடைக்கிறது. அமெரிக்காவில் 1980களின் இறுதியிலும் 1990களிலும், 30 முதல் 54 வயது வரையுள்ள 3,000க்கும் மேற்பட்டோர் இரண்டு கட்டமாக நடந்த சோதனைகளில் சேர்க்கப்பட்டனர். இவர்கள் உயர் இரத்த அழுத்த நோயாளிகள் அல்லர்; இயல்பான அளவின் மேல் விளிம்பில் இருந்தவர்கள். ஒரு பகுதியினருக்கு உப்பைக் குறைத்துச் சாப்பிடக் கற்றுக்கொடுக்கப்பட்டது. முதல் சோதனையில் 18 மாதங்கள், இரண்டாவதில் 3 முதல் 4 ஆண்டுகள். அவர்கள் உப்பை அடியோடு விடவில்லை, கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் குறைத்தார்கள். சோதனை முடிந்து 10 முதல் 15 ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப் பார்த்தபோது, உப்பைக் குறைத்த குழுவில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற இதய இரத்தக்குழாய் நோய்கள் 25 விழுக்காடு குறைவாக ஏற்பட்டிருந்தன. 2007இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டின் இரண்டு பாத்திரங்களே நினைவுக்கு வந்தன. நோயாளி அல்லாத, நாற்பதுகளில் இருக்கும் ஒருவர் அன்று குறைக்கும் உப்பின் பயன், அவர் ஐம்பதுகளின் இறுதியில் இருக்கும்போது வந்து சேர்கிறது.

உப்பைக் குறைத்தால் அழுத்தம் 3 அல்லது 4 புள்ளிதானே இறங்கும், அதற்காகவா இவ்வளவு பாடு என்ற கேள்வியும் உண்டு. ஒருவருக்கு அது சிறிய எண்தான். ஒரு நாட்டின் மக்கள் அனைவருக்கும் அந்த 3 புள்ளி இறங்கினால், விளிம்பில் நிற்கும் பல்லாயிரம் பேர் நோய்க்குள் விழாமல் தப்பிக்கிறார்கள். பிரிட்டனில் 2003 முதல் அரசு அமைப்பு ஒன்று உணவு உற்பத்தியாளர்களுடன் பேசி, ரொட்டி உள்ளிட்ட அன்றாட உணவுகளில் உப்பை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைக்கச் செய்தது. நாளொன்றுக்குச் சராசரியாக 9.5 கிராமாக இருந்த உப்பு 2011இல் 8.1 கிராமாக இறங்கியது. ரொட்டியின் சுவை மாறிவிட்டதாக யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. மாறியதே பெரும்பாலோருக்குத் தெரியாது. அதே காலத்தில் மக்களின் சராசரி இரத்த அழுத்தமும், பக்கவாதத்தாலும் இதய நோயாலும் ஏற்பட்ட இறப்புகளும் குறைந்தன. மருத்துவம் மேம்பட்டதும் புகைப்பழக்கம் குறைந்ததும் அதற்கு உதவின என்றாலும், உப்பின் பங்கை ஆய்வாளர்கள் சிறிதாக மதிப்பிடவில்லை. வடக்கு ஜப்பானில் 1950களில் நாளொன்றுக்கு 25 கிராமுக்கும் மேல் உப்பு உண்ணப்பட்ட பகுதிகளில் பக்கவாதம் மிக மிகுதியாக இருந்ததும், உப்பு குறைந்து சிகிச்சையும் பரவியபோது அது பெருமளவு தணிந்ததும் இதையே காட்டுகின்றன.

இரத்த அழுத்தத்தோடு தொல்லை முடிந்துவிடுவதில்லை. சிறுநீரில் சோடியம் மிகுதியாக வெளியேறும்போது அதனோடு சுண்ணாம்புச் சத்தும் வெளியேறுகிறது. அது சிறுநீரகக் கல் உருவாகத் துணை செய்கிறது. உப்பிட்டுப் பதப்படுத்திய உணவுகளை மிகுதியாக உண்போரிடம் இரைப்பைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படுவதும் பல நாடுகளின் ஆய்வுகளில் வெளிப்பட்டிருக்கிறது.

நான் உப்பைக் குறைக்கத் தொடங்கிய முதல் ஆண்டில் செய்த தவறு, சமையலில் போடும் உப்பை மட்டும் கவனித்ததுதான். பொட்டலத்தில் வரும் ரொட்டி, பிஸ்கட், சீஸ், நூடுல்ஸ், சூப் தூள், சாஸ் ஆகியவற்றில் உள்ள உப்பை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இனிப்பான பிஸ்கட்டில் உப்பு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? வளர்ந்த நாடுகளில் மக்கள் உட்கொள்ளும் சோடியத்தில் நான்கில் மூன்று பங்கு இப்படித் தொழிற்சாலையிலும் உணவகத்திலும் சேர்க்கப்பட்டு வருவதே. சமையல் சோடா, சுவையூட்டியாகச் சேர்க்கப்படும் மோனோசோடியம் குளுட்டமேட் ஆகியவற்றிலும் சோடியம் உண்டு. நீரில் போட்டால் நுரைத்துக் கரையும் சில வலி மாத்திரைகளில் ஒவ்வொன்றிலும் 400 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் இருப்பதை அறிந்தபோது நான் திடுக்கிட்டேன். மற்றொரு சிக்கல், பொட்டலங்களில் பெரும்பாலும் ‘உப்பு’ என்று அச்சிடாமல் ‘சோடியம்’ என்று மில்லிகிராமில் அச்சிடுவது. அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் சோடியம் என்று எழுதியிருந்தால், அதில் ஒன்றரை கிராம் உப்பு. 200 கிராம் பொட்டலத்தை ஒரே அமர்வில் முடித்தால் 3 கிராம், அதாவது ஒரு நாள் வரம்பில் பாதிக்கும் மேல். கடையில் நின்றுகொண்டு இந்தப் பெருக்கலைச் செய்பவர் எத்தனை பேர்? சிலி நாட்டில் 2016 முதல் சோடியம் வரம்பு மீறிய பொட்டலத்தின் முகப்பிலேயே கறுப்பு எண்கோணத்தில் எச்சரிக்கை அச்சிடுவது கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. படிப்பறிவோ கணக்கோ அதிகம் தேவைப்படாத இத்தகைய அடையாளம் எல்லா நாடுகளிலும் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கல்லுப்பு, கடலுப்பு, இளஞ்சிவப்பு நிற உப்பு என்று பெயரும் நிறமும் மாறினால் தீங்கு குறையும் என்று நம்பிப் பணத்தை வீணாக்குவோரையும் காண்கிறேன். இவை அனைத்திலும் மிகப் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான்; மற்றக் கனிமங்கள் இருப்பது சிறு துளி அளவே. இவற்றில் பல அயோடின் சேர்க்கப்படாதவை என்பதால் மற்றொரு குறையும் சேர்ந்துகொள்கிறது. உப்பைக் குறைப்போர், குறைத்த அந்த உப்பை அயோடின் சேர்த்த உப்பாகவே பயன்படுத்த வேண்டும்.

உப்பின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்த ஆய்வில், முக்கால் பங்கு வழக்கமான உப்பும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்ததைப் பயன்படுத்திய கிராமங்களில், ஐந்து ஆண்டுகளுக்குள் பக்கவாதம் 14 விழுக்காடும் இறப்பு 12 விழுக்காடும் குறைந்தன. 2021இல் வெளியான இந்த ஆய்வில் பங்கேற்றோர் பெரும்பாலும் முன்பே பக்கவாதம் வந்தவர்கள். ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களும், உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்துகளை உட்கொள்வோரும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

எதிர்வாதங்களையும் மறைக்க நான் விரும்பவில்லை. 2014இல் வெளியான பியூர் என்னும் பன்னாட்டு ஆய்வு, உப்பை மிகவும் குறைவாக உண்போருக்கும் ஆபத்து கூடுவதாகத் தெரிவித்தது. ஒரே ஒரு முறை எடுத்த காலைச் சிறுநீரைக் கொண்டு நாள் முழுமைக்கும் மதிப்பிட்டதும், நோயினால் உணவு குறைந்தவர்கள் உப்புக் குறைவாக உண்போர் கணக்கில் சேர்ந்திருக்கக் கூடும் என்பதும் அதன் மீது வைக்கப்பட்ட முக்கியமான விமரிசனங்கள். அந்த வாதம் எப்படி முடிந்தாலும், 10 கிராம் உண்பவர் 5 கிராமை நோக்கி இறங்குவதற்கு அது தடையாக இருக்க முடியாது. வயிற்றுப்போக்கில் உப்பும் நீரும் இழந்தவருக்கும், கடும் வெயிலில் மணிக்கணக்கில் வியர்வை சிந்தி உழைப்பவருக்கும், சோடியம் குறைந்துவிட்டதாக மருத்துவர் சொன்னவருக்கும் தேவை வேறு. அவர்கள் இக்கடிதத்தைப் படித்துவிட்டுத் தாமாக எதையும் மாற்ற வேண்டாம்.

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்று வளர்ந்த நாக்கு இதற்கு இணங்குமா என்றால், இணங்கும், பொறுமை வேண்டும். முதல் இரண்டு வாரங்கள் எனக்கு எல்லாமே சப்பென்று இருந்தது உண்மை. ஒரே நாளில் பாதியாக்கியதால் வந்த துன்பம் அது. மனைவி அதைக் கண்டு, வாரத்துக்குச் சிறிது என்று படிப்படியாகக் குறைத்தார். புளிப்பையும் மிளகையும் சற்றுக் கூட்டினார். இரண்டு மூன்று மாதங்களில் நாக்கு பழகியது. இன்று வெளியில் சாப்பிட நேர்ந்தால் உணவு கரிக்கிறது. ஆய்வுகளும் நாக்கின் உப்பு விருப்பம் சில வாரங்களில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் மாறிவிடுவதாகவே சொல்கின்றன. குழந்தைகளுக்கோ இந்தப் பாடே இல்லை: ஒரு வயது வரை உணவில் உப்பே சேர்க்காமலும் அதன் பின் குறைவாகவும் கொடுத்தால், குறைந்த உப்பையே அவர்கள் இயல்பான சுவையாக எண்ணி வளர்வார்கள். எங்கள் வீட்டில் இப்போது ஒரே பாத்திரம்தான். என் மகள்கள் இருவரும் அதில்தான் சாப்பிடுகிறார்கள்.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளியாகும் சமையல் குறிப்புகளில் மற்றப் பொருள்கள் அனைத்துக்கும் கிராம் கணக்கும் கரண்டிக் கணக்கும் இருக்கின்றன. உப்புக்கு மட்டும் ‘தேவையான அளவு’ என்று அச்சிடப்படுகிறது. அந்த இடத்தில், குறிப்பு எத்தனை பேருக்கானது என்பதோடு, உப்பு எத்தனை கிராம் என்ற எண்ணையும் அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். குறிப்பை எழுதுபவர் ஒருமுறை தராசில் நிறுத்துப் பார்த்தால் போதும். படிப்பவர் அதை நால்வருக்கோ ஐவருக்கோ பகிர்ந்து, தம் வீட்டில் ஒருவருக்கு எவ்வளவு போகிறது என்பதை முதன்முறையாகத் தெரிந்துகொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்